வெற்று எடை

இருபத்து மூன்று வருஷம்
செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி நான்.
பாகாவ் வட்டாரத்து லோரிகளை
முகத்தால் அல்ல, கிலோவால் அறிந்தவள்.

வேலை விட்ட மாதம் சேமநிதி வந்தது.
தேவசகாயம் உலகப்படத்தை மேசையில் விரித்து
மூலைக்கொன்றாக மைலோ டின், சம்பால் போத்தல்,
தன் மூக்குக்கண்ணாடி, என் கைப்பேசி வைத்தார்.
தாய்லாந்து, லாவோஸ், சீனா,
அப்புறம் வாயில் நுழையாத ஸ்தான்கள்.
துருக்கி வரைக்கும் விரல் போனது.
விரலுக்கு டீசல் வேண்டாம்.

ஆ கியோங் பட்டறையில் முதலில் பார்த்தது
பழைய பட்டாள லோரி.
ஆறு சக்கரமும் இழுக்கும். டயர் என் நெஞ்சுயரம்.
ஏறி உட்கார்ந்தவர் இறங்க மறுத்தார்.
"சேறு, மணல், ஆறு, எதுக்கும் நிக்காது மங்களம்."
"எவ்வளவு குடிக்கும்?" என்றேன்.
தவுக்கே வானத்தைப் பார்த்தார்.

அடுத்தது ஜெர்மன்காரன் தீயணைப்பு வண்டி,
கல்யாணத்துக்குக் கிளம்பின சிவப்பு.
மூளை ஒரு கறுப்புப் பெட்டிக்குள்.
அது கோபித்துக்கொண்டால்
கணினியோடு ஆள் வர வேண்டும்.
பாலைவனத்துக்கு எந்த ஆள்?

ரசீதின் முதுகில் எழுதினேன், கிராணிக் கையெழுத்தில்:
தண்ணீர் இருநூறு லிட்டர், இருநூறு கிலோ.
டீசல் முந்நூறு, அது இருநூற்று ஐம்பது.
பெட்டிச் சுவர், கட்டில், அடுப்பு, உபரி டயர் இரண்டு.
அவர் எண்பத்தொன்று.
நான்,
எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்.
பின்னச்சு கேட்டால் பொய் சொல்ல முடியாது.

மூன்றாவதை யாரும் காட்டவில்லை.
லாலான் புல்லுக்குள் பச்சை மங்கிக் கிடந்தது,
நாலு சக்கரமும் இழுக்கும் குட்டை ஹினோ.
மழைக்காலத்தில் தீம்பாரின் மேட்டுக்காட்டில்
மற்றதெல்லாம் புதைந்து நிற்க
குலை ஏற்றிக்கொண்டு ஊர்ந்து வந்தது.
எண்தகடு பார்க்காமலே சொன்னேன்:
"நாலாயிரத்து அறுநூற்றி இருபது."

ஆ கியோங் சிரித்தார்.
கம்ப்யூட்டர் இல்லாத எஞ்சின் என்றார்,
இதன் பில்டர் மங்கோலியாவில்கூடக் கிடைக்கும் என்றார்.
போயிருக்கிறீர்களா என்றேன்.
சிரம்பான் வரைக்கும் என்றார்.
"அடியில ஒரு தண்ணித் தொட்டி இருக்கு. அது சும்மா."
தெரியும் என்றேன்.

தெரியும்.
குலையோடு வரும்போது அது நிறைந்திருக்கும்.
கொட்டிவிட்டு மேடை ஏறும்போது காலி.
நடைக்கு நூற்றெண்பது கிலோ தண்ணீரைப்
பழம் என்று எழுதினேன்.
வெயில் கொளுத்தும் நாளிலும்
ஆலைக்குப் பின்னால் ஈரமாய் ஒரு கோடு.
ஏன் எழுதவில்லை என்று டிரைவர் காத்தமுத்து கேட்கவில்லை.
ஏன் செய்கிறாய் என்று நானும் கேட்கவில்லை.
தீபாவளிக்கு ஒரு டின் பிஸ்கட் வந்தது.
அதை எடை போடவில்லை.

தேவசகாயம் அடியில் படுத்து
தொட்டியைத் தட்டிப் பார்த்தார்.
"எவன் ஒட்டினானோ, வெல்டிங் பாரேன், கோயில் வேலை!"
நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன்.
வெளிச்சம் கொஞ்சம் ஆடியது.
"கையை ஆட்டாதே" என்றார்.

பட்டாள லோரியை அவர்
ஒரு வாரம் கனவில் ஓட்டினார்.
பிறகு ஹினோவுக்கு முன்பணம் ஆறாயிரம் வெள்ளி கட்டினோம்.
பெட்டி செய்ய நாலு மாதம்.
தொட்டியைச் சோடா போட்டு மூன்று முறை கழுவினேன்.
நாலாம் முறையும் கழுவினேன்.
முதல் டம்ளரில் துரு, அடியில் லேசாய்ப் பழவாசனை.
குடித்துவிட்டு
அவருக்கும் ஒன்று ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஆலை ஓய்ந்த நேரம்,
என் நாற்காலியில் இப்போதிருக்கும் நூர்ஹிடாயா
மேடையைத் திறந்துவிட்டாள்.
காலியாக ஒருமுறை.
நிரப்பிக்கொண்டு வந்து ஒருமுறை.
மேடைக்கு முதுகு காட்டி
தேவசகாயம் எறும்புப் பொடி தூவிக்கொண்டிருந்தார்.
சீட்டில் ஒரு கட்டம் காலியாய் நின்றது.
"என்ன சரக்கு, கக்கா?"

"தண்ணீர்" என்றேன்.
அவள் நிமிர்ந்து பார்த்தாள்.
"தண்ணீர். நூற்றெண்பது.
அப்படியே எழுது."