நான்கு நிமிட மணல்

கொறடாவுக்கு ஒரு பென்சில் போதும்.
பதினொரு வருடமாக என்னிடம் இருப்பது
பின்பக்கம் பல் பதிந்த ஒரு மஞ்சள் பென்சில்.
பெயருக்கு நேரே கோடு போட்டால்: வருவார்.
வட்டம்: வருவார், முனகிக்கொண்டே.
கேள்விக்குறி விழுந்தவர் வீட்டில்
இரவு ஒன்பதுக்கு மேல் தொலைபேசி அடிக்கும்.

பால் விலை மசோதாவுக்குக் கோடு போட்டேன்.
துறைமுகத்தை விற்றோமே, அதற்கும்.
பாலைவனத்துக்குப் படை அனுப்பிய இரவில்
லாயல் ட்ரெலோர் என் அறைக்கு வந்து
"மனசு ஒப்பவில்லை, மார்னி" என்றார்.
மனசை யார் கேட்டார்கள்,
போய் உட்காருங்கள் என்றேன்.
போய் உட்கார்ந்தார்.

இப்போது
இரண்டு பெண்கள் மணந்துகொள்ளலாமா என்று
இரண்டே பக்கத்தில் ஒரு மசோதா.
தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொல்கிறார்:
"இதில் கட்சி தலையிடாது.
அவரவர் மனசாட்சிப்படி."
அறை முழுக்க நிம்மதிப் பெருமூச்சு.

குண்டு போடத் தேவைப்படாத மனசாட்சி
மோதிரம் போடத் தேவைப்படுகிறது.

ட்ரெலோர் தொகுதியிலிருந்து வந்த கடிதங்களை
ஆப்பிள் பெட்டியில் கொண்டுவந்து காட்டினார்.
"என் மனசாட்சி இதை ஏற்காது" என்றபோது
அவர் கை நெஞ்சில் இல்லை,
பெட்டியின் மேல் இருந்தது.
அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு
என்ன யோக்கியதை?

போன முறை கட்டளை இருந்தது.
இடப்பக்கம், இல்லை என்பவர்களோடு
உட்கார்ந்து எழுந்து வந்தேன்.
மறுநாள் காலை கீழ்த்தளக் காப்பிக் கடையில்
ரெனாட்டா.
ஹெஸ்டரும் அவளும் பதினேழு வருடமாக ஒரே வீடு.
இப்போது வளர்வது மூன்றாவது நாய்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்:
"கட்சி சொல்லிவிட்டது, ரெனாட்டா."
"சர்க்கரை போடவா?" என்றாள்.
நான் சர்க்கரை போடுவதில்லை.
பதினொரு வருடமாக அவளுக்குத் தெரியும்.

நேற்றிரவு பட்டியலை எடுத்தேன்.
எவர் பெயருக்கும் குறி போட வேண்டாம்.
பென்சிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?
அப்போதுதான் கவனித்தேன்,
இத்தனை பட்டியல் எழுதியிருக்கிறேன்,
ஒன்றிலும் என் பெயர் இல்லை.

சரி, மனசாட்சியைக் கேட்போம் என்று விளக்கணைத்துப் படுத்தேன்.
முதலில் அது அப்பாவின் குரலில் பேசியது,
ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு.
பிறகு தலைவரின் குரலில்.
அடுத்த தேர்தலின் குரலில் கொஞ்ச நேரம்.
மூன்று மணிக்கு எல்லோரும் போனபின்
ஹீட்டர் மட்டும் டிக் டிக் என்றது.

சாட்சி என்பவன் பார்த்ததைச் சொல்ல வேண்டும்.
நான் என்ன பார்த்தேன்?
கடை மூடும் நேரத்தில்
ஹெஸ்டர் காரை அணைக்காமல் காத்திருப்பதை.
உறைபனி நாளில் ரெனாட்டாவின் கையுறைகளை
கார் ஹீட்டர்மேல் வைத்துச் சூடாக்கியிருப்பதை.
அவ்வளவுதான் பார்த்தேன்.
பதினொரு வருடம் பார்த்தேன்.

மணி அடிக்கிறது.
மேசைமேல் மணற்கடிகாரத்தைக் கவிழ்த்துவிட்டார்கள்.
நான்கு நிமிடம். பிறகு கதவு பூட்டப்படும்.
ஆம் என்பவர் சபாநாயகருக்கு வலப்பக்கம்.
ட்ரெலோர் நடுவழியில் நின்று
என் முகத்தைப் பார்க்கிறார், பழக்கதோஷம்,
எந்தப் பக்கம் என்று நான் சொல்லிவிடுவேன் என்பதுபோல.
சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.
மணல் விழுகிறது.
நான் நடந்தேன்.
அவர் எங்கே போனார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

எண்ண வந்தவன் புதுப் பையன்,
டை கோணலாக.
வரிசை வரிசையாகப் பென்சிலை நீட்டி
உதடு அசைய எண்ணுகிறான்.
என்மேல் ஒரு நொடி நின்று
அடுத்தவருக்குப் போகிறது அந்த முனை.
இத்தனை பேரை இப்படித்தானா
குத்தியிருக்கிறேன்.

மசோதா என்னவாயிற்று என்பது செய்தித்தாளில் இருக்கிறது.

காலையில் ரெனாட்டா காப்பியை நீட்டினாள்.
நன்றி சொல்வாளோ என்று பயந்துகொண்டே போயிருந்தேன்.
சொல்லவில்லை.
காசு எண்ணி வாங்கினாள்,
மீதி இருபது சென்ட்டை
என் உள்ளங்கையில் வைத்தாள்.
சர்க்கரை பற்றிக் கேட்கவில்லை.