எதிர்த்தரப்பு ஆவணம் நான்கு

கன்னடத்தில் பள்ளத்துக்குக் குண்டி என்று பெயர்.
சட்டைப் பித்தானுக்கும் அதுதான்.
தமிழில் நாலு பேர் முன்னால் சொல்லக் கூசுகிற சொல்.
இரண்டு மொழியும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர்
கோர்ட்டில் என்னைப் பார்த்து அதைச் சொல்லும்போதெல்லாம்
ஒரு முறை இருமிக்கொண்டார்.

ஹொங்கசந்திராவில் கார்மென்ட்ஸ் வேலை.
ஷிஃப்டுக்கு ஆயிரத்து நானூறு பித்தான்.
'பித்தான் வைக்கிறவள்' என்று மனுவில் இருந்ததை
வக்கீல் மஞ்சுளா ஹெக்டே அடித்து
'வைத்தவள்' என்று திருத்தினார்.
இறந்த காலத்துக்குத்தான் பணம் தருவார்களாம்.

செப்டம்பர் மழை, இரவு எட்டே முக்கால்.
கேபிள் போட வெட்டியவர்கள் மூடாமல் போன இடத்தில்
தண்ணீர், சாலையைப் போலவே படுத்திருந்தது.
தெருவிளக்குக்கூட அதற்குள் எரிந்தது.
நம்பி ஒரு கால் வைத்தேன்.
விழுந்தபோது உடம்பு மொத்தத்தையும் வாங்கிக்கொண்டது
வலது மணிக்கட்டு.

எலும்பு டாக்டர் கணக்குப் போட்டார்:
கைக்கு முப்பத்து மூன்று சதவீதம் ஊனம்,
முழு உடம்புக்கு என்றால் பதினொன்று.
எந்தப் பதினொன்று என்று கேட்டேன்.
அவர் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.
பிறகு நானே கண்டுபிடித்தேன்:
பள்ளிக்கூடச் சட்டையின் மேல்பித்தானை
என் விரல்கள் தேடிக்கொண்டிருக்க
மகன் தாடையைத் தூக்கியபடி
ஒன்றும் சொல்லாமல் நிற்கிற நேரம்.

"பள்ளத்தை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
திங்கட்கிழமை ஜூனியர் வந்து படமெடுப்பான்.
அதற்குள் மூடிவிட்டால் கேஸே இல்லை."

அன்று வெள்ளி.
என் ஜன்னலுக்கு நேர் கீழே அது.
வீட்டுக்கு, பணத்துக்கு, வயசுப் பெண்ணுக்குக்
காவல் இருந்தவர்கள் உண்டு.
ஒவ்வொரு ஸ்கூட்டர் சத்தத்துக்கும்
கட்டுப் போட்ட கை எனக்கு முன்னால் விழித்தது.
சனிக்கிழமை யாரும் விழவில்லை.
ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு
சாப்பாடு கொண்டுபோகிற பையன் விழுந்தான்.
எழுந்தவன் முழங்காலைப் பார்க்கவில்லை,
பிரியாணிப் பொட்டலத்தைப் பார்த்தான்.
அப்புறம் நிமிர்ந்து என்னை.
"இங்கே குழி இருக்கிறது என்று தெரியுமா, ஆன்ட்டி?"

தெரியும்.
அதற்கு எத்தனை சதவீதம்?

பக்கத்து வீட்டு முருங்கையில்
இடது கையால் ஒரு கிளை ஒடித்தேன்.
சேற்றில் ஊன்றி, அதன் உச்சியில்
துவைத்தும் கறை போகாத
சிவப்புத் துப்பட்டாவைக் கட்டினேன்.
முடிச்சை இறுக்கப் பல்லும் வேண்டியிருந்தது.

காலை ஒன்பதுக்கே காண்ட்ராக்டரின் ஆள்
வந்து படமெடுத்துக்கொண்டு போய்விட்டான்.
சில்க் போர்டு நெரிசலில் மாட்டிய எங்கள் ஜூனியர்
வந்தபோது பதினொன்றே கால்.
மஞ்சுளா ஹெக்டே போனில் வெகுநேரம் பேசவில்லை.
"உங்கள் இடத்தில் நான் இருந்தால்" என்றார்,
அதோடு வைத்துவிட்டார்.

பள்ளத்தை இன்றுவரை மூடவில்லை.
கிளை வேர் பிடித்துவிட்டது.
மூன்றாம் வீட்டுக்காரர்கள் கீரை பறிக்கிறார்கள்,
தண்ணீர் லாரி ஒதுங்கிப் போகிறது.

பதினாலு மாதம் கழித்து, சாட்சிக் கூண்டு.
எதிர் வக்கீல் படத்தைத் தூக்கிக் காட்டுகிறார்,
எதிர்த்தரப்பு ஆவணம் நான்கு.
எச்சரிக்கை இருக்கிறது, சிவப்பாக,
ஐம்பது அடி தள்ளித் தெரிகிற உயரத்தில்.
பார்க்காமல் நடந்தது யார் குற்றம்?
"சம்பவத்தன்று இந்தத் துணி அங்கே இருந்ததா?
ஆம், அல்லது இல்லை. கதை வேண்டாம்."

இருந்தது என்றேன்.

மஞ்சுளா ஹெக்டே கண்ணை மூடிக்கொண்டார்.

என் கழுத்தில் இருந்தது.

தட்டச்சு நின்றது.
நீதிபதி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார்.
அவர் இந்த முறை இருமவில்லை.