தீப்பெட்டியில் ஆறு ஜெட்டுகள்

விற்கும்போது கோஸ்டின் வண்டியைப் பார்க்கவில்லை.
கழுத்தெலும்பில் தகடு, வீட்டில் இரட்டைக் குழந்தைகள்.
பணத்தை எண்ணாமல் பையில் திணித்துக்கொண்டு
தீப்பெட்டி ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தான்.
உள்ளே ஜெட்டுகள், ஆறு பித்தளைப் பொடிசுகள்;
ஒவ்வொன்றின் நடுவிலும் மயிரிழைத் துளை,
விளிம்பில் பூதக்கண்ணாடி கேட்கும் எண்.

பெட்ரோஷானியில் சுரங்கங்கள் மூடிய பிறகு
ராத்திரியில் விழித்திருப்பது
ரொட்டி ஆலையும் நாய்களும்தான்.
நான் ரொட்டி ஆலை.
பதினோரு மாத மிச்சம்
ஒரு முந்நூறு சிசி டூ ஸ்ட்ரோக் ஆயிற்று.

கால் எட்டவில்லை.
ரொட்டி அறுக்கும் பல்கத்தியை எடுத்துப்போய்
சீட்டின் பஞ்சை மூன்று விரல் கனம் இழைத்தேன்.
"கம்பெனி யோசித்து வைத்த உயரம் அது"
என்றான் அக்கா கணவன் ட்ராயன்.
என்னை யோசிக்கவில்லை அந்தக் கம்பெனி.
ஐம்பத்து நான்கு கிலோவுக்கு
ஃபோர்க் அசைந்துகூடக் கொடுக்கவில்லை.
மெலிந்த ஸ்பிரிங் போட்டேன்.
முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தேன்:
வேகத்தை விற்று ஏற்றத்தை வாங்கினேன்.
ஃப்ளைவீலில் ஒரு கனத்த வளையம்,
தொட்டதற்கெல்லாம் துள்ளாமல் இருக்க.
அப்படி ஒரு வளையம் எனக்கும் இருந்தால்
ட்ராயனோடு இவ்வளவு சண்டை வந்திருக்காது.

பிறகு பிளக்.
கழற்றி விளக்கடியில் பிடிக்க வேண்டும்.
கறுத்திருந்தால் அஜீரணம்.
வெளுத்திருந்தால் பட்டினி, பிஸ்டனுக்கு நாள் எண்ணலாம்.
பழுப்பு வேண்டும் என்றான் கோஸ்டின்.
எந்தப் பழுப்பு?
போனில் நெடுநேரம் யோசித்தான், பின்னால் குழந்தை அழுதது.
விடிகாலை நாலரைக்கு மூன்றாம் அடுப்பைத் திறந்து
ஒரு ரொட்டியைக் கவிழ்த்தபோது தெரிந்தது.
அடிப்பக்கம்.
பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன் அதை.

ஞாயிறு. பராங் மலை.
ஓடைதான் பாதை, பாதைதான் ஓடை.
வழவழத்த கற்களில் பின்சக்கரம் உளறுகிறது.
நின்றபடியே போகிறேன், முழங்கால்கள் டாங்கைக் கவ்வ,
புகை பின்னால், ஆமணக்கு வாசம் எனக்கு முன்னால்.

வளைவில் ஐந்து நாய்கள்.
இன்ஜினை அணைத்து இறங்கி
அவற்றுக்கும் எனக்கும் நடுவில் வண்டியை நிறுத்தினேன்.
சத்தம் போனதும்
எதற்காக ஓடி வந்தோம் என்று
நாய்களுக்கே மறந்துவிட்டது.

கம்பளிக் குல்லாயுடன் இலாரியே வந்தான்,
இருநூற்றுச் சொச்சம் ஆடுகளின் பொறுப்பாளி.
சைலன்சர் குழாயின் புடைத்த வயிற்றைப் பார்த்து
"எத்தனை மாசம்?" என்றான்.
தொடப்போன கையை நான் தட்டிவிட்டேன்.
சுட்டிருக்கும்.
அவனுக்கு அது பிடித்திருந்தது; எல்லாச் சினை ஆட்டுக்கும்
அப்படி ஒரு காவல் உண்டு என்றான்.

கிக்கரை உதைத்தேன். பதினான்கு முறை.
ஹெல்மெட்டுக்குள் மழை பெய்தது.
இலாரியே பாலாடைக்கட்டி தின்றுகொண்டே பார்த்தான்.
பதினைந்தாவதில்
கார்புரேட்டருக்குப் பக்கத்தில் கத்தியால் சுட்டி
"இந்தக் குழாய் மூடியிருக்கிறதே" என்றான்.
பெட்ரோல் குழாய்.
இறங்கியதும் என் கையேதான் மூடியிருக்கிறது.

அதற்கு மேல் ஏறியதைப் பெருமையாகச் சொல்ல முடியாது.
முதல் முறை பாதியில் விழுந்தேன்.
இரண்டாவது முறை வண்டி விழுந்தது, என் மேல்.
மூன்றாவதில் உச்சிப் புல் கண்ணுக்குத் தெரிந்தது,
காற்றில் அது சாய்வதுகூடத் தெரிந்தது,
இருபது மீட்டர்.
அங்கே இன்ஜின் தொண்டையைக் கட்டிக்கொண்டது.
மலை உயர உயரக் காற்று மெலிகிறது,
அடுப்பு அதேதான், மாவு அதிகம்.

கீழே இலாரியே குல்லாயைக் கழற்றி ஆட்டினான்.
வாழ்த்தா, இறங்கி வா என்பதா, தெரியவில்லை.

திங்கள் இரவு.
பெல்ட்டில் ரொட்டிகள் வருகின்றன.
கைகள் இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கின்றன,
தட்டு கடகடக்கிறது.
"காய்ச்சலா ஸ்மராண்டா?" என்கிறாள் மேற்பார்வை டோயினா.
ஆமாம் என்கிறேன்.
ஏப்ரன் பைக்குள் விரல் விட்டுத்
தீப்பெட்டியில் தடவிப் பார்க்கிறேன்,
இருக்கிறதிலேயே சின்னத் துளை எது என்று.