லைன் வெட்ட வந்த திங்கட்கிழமை

கச்சான் அடிக்கத் தொடங்கி ஒன்பது நாள்.
கயிற்றில் போட்ட சீலை
பப்படம் மாதிரி மொறுமொறுத்துக் கிடக்கிறது.
தெருப் புழுதி கேட்காமல் குசினிக்குள் வந்து
சட்டி மூடியில் குந்தியிருக்கிறது.

களுவாஞ்சிகுடிச் சந்தையில்
விளாம்பழக்காரி பழத்தை முழங்கால் உயரத்தில் பிடித்து
சீமெந்துத் தரையில் விட்டுக் காட்டினாள்:
துள்ளினால் காய். துள்ளாவிட்டால் பழம்.
ஐந்து பழம் டொக்கென்று விழுந்த இடத்திலேயே இருந்தன.
ஆறாவது அரைவிரல் எழும்பி யோசித்தது.
அதற்குக் காசு எடுக்கவில்லை.

கதவுப்படியில் ஒரு அடி.
ஓடு பிளந்ததும் வீடெல்லாம் அந்த மணம்.
பிடிக்காதவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள்,
பிடித்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் கரண்டி தேடுவார்கள்.
நான் கரண்டி எடுப்பதில்லை.
கையை விட்டுப் பிசைந்தால்தான்
நாரும் விதையும் தங்கள் இடத்தைச் சொல்லும்.
தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக.
சர்க்கரையைத் தட்டிப் போட்டு,
உப்பு, விரல்நுனியில் ஒட்டுகிற அளவு.
தேங்காயின் முதல் பால் கடைசியில்தான்,
டம்ளரில் ஊற்றப்போகிற நேரம்.

பத்தரை மணிக்குப் படலையில் ஏணி இடித்தது.

மின்சார சபை. இரண்டு பேர், ஒரு சிவப்பு நோட்டீஸ்.
நேசமலரில் ஓர் எழுத்தைத் தின்றிருந்தார்கள்.
தொகையில் ஓர் எண்ணும் குறையவில்லை.

"அக்கா, காசு கட்டின துண்டு கிடக்கா?"
"துண்டு இல்ல தம்பி. விளாம்பழம் கிடக்கு."

ஏணி தூக்கி வந்த பொடியன் சிரித்துவிட்டான்.
இரண்டு டம்ளர் குடித்தான்,
மூன்றாவதற்கு ஒன்றும் பேசாமல் கையை நீட்டினான்.
மற்றவர் இம்தாத், சட்டைப்பையில் பெயர் இருந்தது,
டம்ளரைத் தொடவேயில்லை.
"நோன்பு அக்கா. திங்களும் வியாழனும் பிடிக்கிற."
இந்தக் கச்சானுக்குள்ளா என்று கேட்க வாயெடுத்தேன்.
அவருடைய உதடு வெடித்திருந்தது. கேட்கவில்லை.

லஞ்சம் என்று நினைத்திருப்பாரோ.
பாதி அதுதான்.
பள்ளிக்கூடச் சட்டை பதினாறு வெட்டியபடி கிடக்கிறது.
மெஷின் ஓடுவது மோட்டரில்.
கரண்ட் போனால் ஒரு கைகூடப் பொருத்த முடியாது.
இதை அவரிடம் சொல்லவில்லை.
அவர் மீட்டரைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார்.
"பிரிஜ்ஜில ஐஸ் கிடந்தா முதல்ல எடுங்க அக்கா.
வெட்டினா வீணாப் போகும். நிக்கிறன்."

வெயிலில்தான் நின்றார்.
ஐஸ் தட்டு இரண்டையும் வாளிக்குள் கவிழ்த்துவிட்டு
ஜாம் போத்தல் ஒன்றைக் கழுவினேன்.
பிசைந்த பழத்தைத் தண்ணீர் விடாமல் கட்டியாக அடைத்து
மேலே சர்க்கரையை அழுத்தினேன்.
"பால் விடல்ல தம்பி, இப்ப விட்டா அந்திக்குள்ள புளிச்சிரும்.
மருதமுனைக்குப் போய் நோன்பு திறக்கக்குள்ள
கரைச்சு, அதுக்குப் பிறகு பால விடுங்க."

வாங்கி, மோட்டர்சைக்கிள் பெட்டிக்குள்
யார் யாரோ வீட்டுப் பியூஸ்களுக்கு நடுவே வைத்தார்.
மறுகா ஏணியில் ஏறி என் லைனை வெட்டினார்.
சுத்தமான வேலை. அதில் ஒரு குறையும் சொல்லேலாது.

செவ்வாய் காலையில் மோட்டரைக் கழற்றி
பழைய தோல்பட்டியைச் சக்கரத்தில் மாட்டினேன்.
பதினாறு சட்டையையும் மிதித்தே முடித்தேன்.
முழங்காலிடம் கேட்டால் இருபத்தைந்து என்கிறது.
காசு வெள்ளிக்குத்தான் வரும்.

வியாழன் இரவு. காற்று நிற்பதாயில்லை.
வாளிக்குப் பக்கத்தில் கை துழாவ
அந்த ஆறாவது பழம்.
முழங்கால் உயரத்தில் பிடித்து, விட்டேன்.
துள்ளுகிறதா என்று இருட்டில் பார்க்க முடியாது.
காதைக் கொடுத்தேன்.

டொக்.

ஒன்றே ஒன்று.