ஒரு நெல்லளவு

மாஹிம் கழியில்
முதல் வீச்சுக்குக் கிடைத்தது பால் பாக்கெட்.
இரண்டாவதுக்குக் கோணிக்கயிறு.
மூன்றாவதுக்கு, போன வருஷத்துப் பிள்ளையாரின்
நாரும் சாந்துமாக ஒரு கை.
முதுகில் முள் நிமிர்ந்த ரப்பர் மீன்
எதைத் தொட்டாலும் பிடித்துக்கொள்கிறது,
மீனைத் தவிர.

தாராவியில், தொண்ணூறடி சாலையில் என் கடை.
வீங்கிய பேட்டரிகளை ஒதுக்கிவிட்டு
இரவு பதினொன்றுக்கு, ஷட்டரைப் பாதி இறக்கி,
லென்ஸ் விளக்கின் கீழ் அதைப் படுக்க வைத்தேன்.
ஈயத் தலையை உருவியாயிற்று.
கழுத்து மடங்கிய அகல முள் ஒன்றை
மூக்கில் நுழைத்து, தாடையில் எடுத்து,
திருப்பி, வயிற்றில் கொடுத்து, முதுகில் வாங்க வேண்டும்.
ஒரு நூல் பிசகினால் உடம்பு கோணும்.
கோணினால் நீந்தாது, பம்பரமாகும்.
கனத்துக்குத் தண்டில் சால்டரிங் கம்பி பதினோரு சுற்று.
நழுவாமலிருக்க மூக்கில் குறுக்கே பல்குச்சி.
எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கினேன்
(சயான் ஆஸ்பத்திரியில் என் கட்டைவிரலை வெட்டி
ஒன்றை எடுத்ததிலிருந்து இது பழக்கம்).
கடைசியாக முனையைத்
தோலுக்கடியில் இழுத்து மூடினேன்.
தடவினால் தெரியவில்லை.

ஞாயிறு, நீர் ஏறும் நேரம்.
பைகளுக்கு நடுவே பையோடு பையாகப் போய்
ஒரு சிராய்ப்புமில்லாமல் திரும்பி வந்தது.
கொடுவா அடித்தது. கம்பு வளைந்தது.
நிமிர்ந்தது.
மறுபடி அடித்தது. மறுபடி நிமிர்ந்தது.
படகில் வலை உதறிக்கொண்டிருந்த தாமோதர் தாண்டேல்
இந்தியில் கேட்டதை என் பாஷையில் சொன்னால்:
"குத்தப் போட்டியா, கொஞ்சப் போட்டியா?"

பாறையிலேயே உட்கார்ந்தேன்.
பிளேடால் முதுகில் ஒரு கீறல், சிம் கார்டு நீளம்.
முனைமேல் ஒரு நெல்லளவு தோல் மட்டும்.
உரசினால் வராது.
கடித்தால் வரும்.

வந்தது.
பாலத்து விளக்குகள் அணையும்போது
கை நீளத்துக்கு வெள்ளி மேலே எழும்பி,
செவுள் விரிய, தலையை
இல்லை என்பதுபோல் ஒரு முறை,
இல்லவே இல்லை என்று இன்னொரு முறை.
தாண்டேல் "அரே" என்றான், அவ்வளவுதான்.
எதிர்முள் இருந்திருந்தால் என்று
இரண்டு பேரும் சொல்லவில்லை.
நூலில் வந்தது
வால் போன ரப்பர்.

திங்கள் காலை. கவுண்டரில் ஒருவர்:
"டிஸ்ப்ளே ஆச்சா அண்ணே?"
ஒரு நிமிஷம் என்கிறேன்.
சால்டரிங் நுனியில்
வெள்ளை உடம்பும் வேறெதிலிருந்தோ அறுத்த பச்சை வாலும்
உருகி ஒட்டிக்கொண்டிருக்கின்றன.
அவர் மூக்கைப் பொத்துகிறார்.
நான் ஊதுகிறேன். இறுக வேண்டும்.