பாதை இன்னும் வரேல்லை

பதினேழாம் எண் இருக்கையிலிருந்து
தண்ணீர் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டேன்.
கழுத்துத் தலையணை கோமளவல்லிக்கு.
"என் சொந்தப் பொறுப்பில் விலகுகிறேன்,
மீதிப் பணம் கோரமாட்டேன்."
தாண்டவமூர்த்தி நீட்டிய தாளில்
முப்பத்தொரு வருடம் மின்வாரியத்தில் போட்ட
அதே கையெழுத்தைப் போட்டேன்.
இதுவரை அது இவ்வளவு அழகாக விழுந்ததில்லை.

காரணம் கேட்டார்கள்.
சொல்லும்படி ஒன்றுமில்லை என்பதால்
பேருந்துக்குள் மூன்று காரணங்கள் உற்பத்தியாயின:
ஜன்னலோரச் சண்டை,
பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனது,
யாழ்ப்பாணத்தில் யாரோ ஒருவர்.
மூன்றாவதை நான் மறுக்கவில்லை.
அறுபத்திரண்டு வயதில்
அப்படியொரு வதந்தி சும்மா கிடைக்குமா.

விஷயம் இவ்வளவுதான்.
நல்லூரில் இருபது நிமிடம்,
நூலக வாசலில் ஏழு, படம் எடுக்க மட்டும்.
கீரிமலையில் பன்னிரண்டு.
பெண்கள் கேணியின் படியில் உட்கார்ந்து
புடவையைக் கொஞ்சம் தூக்கினேன்.
தண்ணீர் என் கணுக்காலைக் கண்டுபிடிக்கும் முன்
விசில் அடித்துவிட்டது.

ஆஸ்பத்திரி வீதியில் பஸ் திரும்புகையில்
பின்கண்ணாடி முழுக்க மஞ்சள் தொப்பிகள்.
முன்னால் தாண்டவமூர்த்தியின் விரல்
தலைகளை எண்ணிக்கொண்டு வந்தது
பதினைந்து
பதினாறு
பதினெட்டு.

அதற்குப் பிறகு எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.
நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.
ஒரு ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்,
நான் ஒரு தடவையும் நகரவில்லை.
பிளேன்டீக் கடையில் பையன் கேட்டான்:
"ஒராளோ?"
"ஒருத்திதான்" என்றேன்.
அவன் கண்ணாடிக் கோப்பையைத் துடைத்து வைத்தான்.
அவன் சொல் எனக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது,
துணிக்கடையில் போட்டுப் பார்க்கும் சட்டை போல.
கழற்றாமல் வெளியே வந்தேன்.

காரைநகர் பஸ்ஸில் நின்றபடி போனேன்.
பொன்னாலைப் பாலத்தில்
இரண்டு பக்கமும் முழங்கால் அளவுக் கடல்.
அதற்குள் ஒரு மனிதர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்,
அவசரமில்லாமல், வயலுக்குப் போகிறவர் மாதிரி.
"பாருங்க" என்று திரும்பினேன்.
பக்கத்தில் இருந்தவர் உள்ளூர்க்காரர்.
பார்த்தார், மரியாதைக்கு.

துறையில் ஒரு பெண்,
ஸ்கூட்டியின் காலடியில் தையல் மெஷினின் தலை மட்டும்.
மெற்றில்டா என்று பெயர்.
ஊர்காவற்துறையில் திருத்துகிற ஆள் இருக்கிறாராம்.
"எங்க போறியள்?"
"அக்கரைக்கு."
"நில்லுங்கோ, பாதை இன்னும் வரேல்லை."

எங்கள் ஊரில் பாதை கிடக்கும்,
நாம்தான் போவோம், வருவோம்.
பாதை வராமல் ஒரு ஊர் காத்திருப்பதை
இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.
கண்ணை இடுக்கிப் பார்த்தேன்.
கடல்கோட்டைக்கு அந்தப் பக்கமிருந்து
ஒரு இரும்புத் தரை தனியே புறப்பட்டு வந்துகொண்டிருந்தது,
மேலே இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு மீன்பெட்டி,
குடை பிடித்த ஒரு பாதிரியார்.

போன் அதிர்ந்தது. கோமளவல்லி.
"கிளிநொச்சி தாண்டியாச்சு. உன் சீட்டில்
என் பையை வைத்திருக்கிறேன்.
வேறு யாரும் உட்காரக் கூடாதே."
இதற்கு மட்டும் தொண்டை அடைத்தது.
பதில் எழுதி அழித்தேன், எழுதி அழித்தேன்,
கடைசியில் ஒரு கட்டைவிரலை அனுப்பினேன்.

காசு கேட்பார்கள் என்று சில்லறை எடுத்து வைத்தேன்.
"பாதைக்குக் காசில்லை" என்றார் கயிறு பிடித்தவர்.
கால் வைத்ததும் தரை லேசாய் அமிழ்ந்து
என் எடையை ஒத்துக்கொண்டது.

பத்து நிமிடம் இருக்கும், அக்கரை வந்துவிட்டது.
எல்லோரும் இறங்கினார்கள். மெஷினும் இறங்கிற்று.
"இறங்குங்கோ அம்மா, பாதை திரும்பப் போகுது."
"போகட்டும்" என்றேன்.
அவர் என்னைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார்
(அதை இன்னும் கழற்றவில்லையா நான்!),
கயிற்றை அவிழ்த்தார்.

மெற்றில்டாதான் கரையிலிருந்து கத்தினாள்:
"கடைசிப் பாதை ஆறு மணிக்கு!"