ஆறரைக்குள் காய வேண்டும்

நாகர்கோவிலுக்கு வந்த முதல் வாரம்
மொட்டைமாடியிலிருந்து யாரோ
"மழேய்" என்று கத்தியபோது
வாளியைத் தூக்கிக்கொண்டு
நான் வெளியே ஓடினேன்.
எதிரே நாற்பது பெண்கள்
துணிகளை மார்போடு அணைத்தபடி
உள்ளே ஓடி வந்தார்கள்.

கமுதிப் பக்கம் அந்தச் சத்தத்துக்கு
ஏந்து என்று பொருள்.
இங்கே, எடு.

அறைக்குள் கயிறு கட்டக் கூடாது.
அயன்பாக்ஸ் வைத்திருக்கக் கூடாது.
காலை ஆறரைக்கு பஸ் ஏறும்போது
யூனிஃபார்ம் காய்ந்திருக்க வேண்டும்.
வார்டன் றெஜினா கையெழுத்திட்டு ஒட்டிய தாள்
ஓரம் ஊறிச் சுருண்டிருந்தது.

"போனைப் பாக்காத மக்ளே" என்றாள்
பேச்சிப்பாறையிலிருந்து வந்த ஷைபா.
"வேளிமலை உச்சி மறையுதான்னு பாரு.
மறைஞ்சா சோப்புத் தண்ணிய
அப்பிடியே விட்டுட்டு மேல ஏறு."
ஏறினால் அங்கே வெயில் அடிக்கும்.
இறங்கினால் சாரல்.
ஒரே திங்கட்கிழமையில் அந்த மாடிப்படியை
பதினொரு தடவை ஏறியிருக்கிறேன்;
பரீட்சைக்குக்கூட அவ்வளவு நடந்ததில்லை.

விடியும்போது ஆரல்வாய்மொழிக் காற்று
ஜன்னலை அறைந்துவிட்டுப் போகும்.
நாங்கள் ஆசாரிபள்ளம் போய்ச் சேர்ந்து
முதல் கட்டிலில் காய்ச்சல் பார்க்கும்போது
சுள்ளென்று ஒரு வெயில் வரும்.
ஹாஸ்டலில் அப்போது ஆள் இருக்காது.
வெறும் கயிற்றைக் காயவைத்துவிட்டு
அது தன் பாட்டுக்குப் போய்விடும்.

சாக்ஸை இட்லிக் கொப்பரை மூடியில் போடுவோம்.
சமையல்கார தங்கலீலா அக்கா
பார்க்காத மாதிரி தேங்காய் துருவுவாள்.
"சிஸ்டர், சாம்பார் மணக்குது" என்றார்
குடலிறக்க ஆபரேஷன் முடிந்து
மூன்று நாளாய்ப் பட்டினி கிடந்த ஒருவர்.
நான் காலைக் கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

மழையில் அள்ளி வந்தவை
வராந்தாவில் மலையாய்க் கிடக்கும்.
அவர்கள் துவர்த்து என்பதை நான் துண்டு என்பேன்;
இரண்டும் அதில் இருக்கும், யாருடையதும் காயாமல்.
செவ்வாய் அன்று தொலைந்த என் மேல்சட்டை
சனிக்கிழமை கட்டில்மேல் மடித்திருந்தது.
விட்டுப்போயிருந்த இரண்டாவது பட்டனை
யாரோ தைத்திருந்தார்கள்,
நீல நூலில்.
யார் என்று இன்றுவரை தெரியாது.
நீல நூல் பிடிக்கவில்லை; பிரிக்கவும் இல்லை.

அன்று ராத்திரி
ஃபேன் கம்பியில் வெள்ளையைத் தொங்கவிட்டு
அது தலைக்கு மேல் சுற்றுவதைப் பார்த்தபடி
அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தேன்.
"அங்கிட்டு நல்ல மழையாம்ல, டிவில சொன்னாய்ங்க."
"தூத்தல்தான்ப்பா. கம்மாய் எப்பிடி இருக்கு?"
"கெடக்கு."
கொஞ்ச நேரம் கழித்து,
"அது என்னத்தா சத்தம்?"
"ஃபேன்ப்பா."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
ஃபேன் நின்றது.
வெள்ளை, கைகளைத் தொங்கப்போட்டு நின்றது.
சைக்கிள் ஷெட் தகரத்தின்மேல்
சத்தம் மட்டும் இன்னும் தடித்துக்கொண்டே போனது.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை.
போனை வைக்கவும் இல்லை.
ஏழு நிமிடம் இருபது நொடி என்று
அணைவதற்கு முன் திரை காட்டியது.

காலையில் காலர் மட்டும் ஈரம்.
போட்டுக்கொண்டேன்;
கழுத்தில் யாரோ குளிர்ந்த விரல் வைத்தாற்போல் இருந்தது.
கிளம்பும் முன் மாடிக்கு ஓடி
ஒற்றைச் சாக்ஸைக் கயிற்றில் மாட்டினேன்.
"உனக்கு என்ன கிறுக்கா?" என்றாள் ஷைபா.
வேளிமலை அப்போதே பாதி இல்லை.

ஆள் இல்லாத நேரத்தில் வரும் வெயிலுக்கு
ஏதாவது வேலை இருக்கட்டும் என்று தோன்றியது,
அவ்வளவுதான்.
சாயங்காலம் அதைப் பிழிந்துதான் எடுத்தேன்.